பெசோஸ் மண்டியிட்ட பென்சில் படம்: போடாமல் விட்டது ஆசிரியரின் உரிமையா, முதலாளி பயமா?

கரிக்கோல் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. ஆன் டெல்னெய்ஸ் விவகாரம் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். வாஷிங்டன் போஸ்ட்டில் 2008 முதல் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர், 2025 ஜனவரி தொடக்கத்தில் ஒரே ஒரு படத்தைப் போட மறுத்ததற்காக அங்கிருந்து விலகி வந்துவிட்டார். செய்தி பழசுதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இதை வைத்து நடந்த வாக்குவாதம் இன்னும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

என் தங்கை மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு இந்தப் படத்தை எடுத்துக்கொண்டாள். பென்சில் ரஃப்தான், மை போட்டு முடித்த படம்கூட இல்லை. பெரிய டிரம்ப் சிலை ஒன்று நிற்கிறது. கீழே அமேசான் பெசோஸ், மெட்டா ஸக்கர்பெர்க், ஓபன்ஏஐ ஆல்ட்மன் மூன்று பேரும் மண்டியிட்டுப் பண மூட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் முதலாளி சூன்-ஷியோங் கையில் லிப்ஸ்டிக். மிக்கி மவுஸ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறது. யார் யார் என்று நான் சொல்லிக்கொடுக்கும் முன்பே பிள்ளை கேட்டுவிட்டாள், "மாமா, இது எல்லாரும் காலில் விழுகிற படம்தானே?" என்று. நம்மூர்ப் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

அவள் அப்பா, என் தங்கை வீட்டுக்காரர், இருபது வருஷமாகத் தொழில் நடத்துகிறவர். அவர் கேட்ட கேள்வி இது: "பெசோஸ்தான் அந்தப் பத்திரிகைக்கு முதலாளி. அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவரையே மண்டியிட வைத்து வரைந்தால் எந்த முதலாளி போடுவான்? என் கடையில் வேலை பார்க்கிறவன் என் கடை வாசலிலேயே என்னைத் திட்டிப் போர்டு வைத்தால் நான் சும்மா இருப்பேனா?" எனக்கு இது தப்பான வாதம் என்று மனசுக்குத் தெரிகிறது, ஆனால் பிள்ளை முன்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதோடு, படம் திரும்பத் திரும்ப ஒரே விஷயமாக இருந்ததால்தான் நிறுத்தினேன் என்று ஆசிரியர் சொன்னார் என்றும் படித்தேன். அது உண்மையான காரணமாக இருக்கக்கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவள் பேசப்போவது அடுத்த வாரம்.


பொடோமக் கரை:

நான் வர்ஜீனியாவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன், போஸ்ட் பேப்பர் எங்கள் வீட்டு வாசலில் விழுந்துகொண்டிருந்த பேப்பர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. அதற்கு முந்தின மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில், தேர்தலுக்குப் பத்துப் பதினோரு நாள் இருக்கும்போது, போஸ்ட் இந்தத் தடவை யாரையும் ஆதரித்துத் தலையங்கம் எழுதாது என்று அறிவித்தார்கள். கமலா ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் தயாராகிக்கொண்டிருந்தது, பெசோஸ் வேண்டாம் என்று நிறுத்தினார். அறிவிப்பு வந்த அதே நாளில் அவருடைய ராக்கெட் கம்பெனி ப்ளூ ஆரிஜின் அதிகாரிகள் டிரம்ப்பைச் சந்தித்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அந்தச் சந்திப்பு தனக்கு முன்கூட்டித் தெரியாது என்று பெசோஸே தன் பத்திரிகையில் எழுதினார். ஆனாலும் சில நாட்களுக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சந்தாவை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருவன். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸிலும் அதே வாரம் அதே கதைதான், சூன்-ஷியோங் தன் ஆசிரியர் குழுவின் ஹாரிஸ் ஆதரவுத் தலையங்கத்தை நிறுத்தினார். அவர் ஏன் அந்தப் படத்தில் இருக்கிறார் என்றால் இதனால்தான்.

அப்புறம் டிரம்ப் ஜெயித்தார். டிசம்பரில் மெட்டா பத்து லட்சம் டாலர், அமேசான் பத்து லட்சம் டாலர், ஆல்ட்மன் தன் சொந்தக் கணக்கில் பத்து லட்சம் டாலர், எல்லாம் பதவியேற்பு விழா நிதிக்கு. டிஸ்னிக்குச் சொந்தமான ஏபிசி தொலைக்காட்சி மேல் டிரம்ப் போட்டிருந்த அவதூறு வழக்கை டிஸ்னி நடத்தாமலேயே சமரசம் செய்துகொண்டு, அவர் பெயரில் வரப்போகும் நூலகத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மிக்கி மவுஸ் விழுந்து கிடப்பது அதற்காக.

ஆக அந்தப் பென்சில் கோட்டில் கற்பனை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு தேதியும் தொகையும் உண்டு. அவர் செய்ததெல்லாம் தனித்தனியாக வந்த ஐந்து செய்தியை ஒரே சட்டகத்துக்குள் வைத்ததுதான். அவர் விலகிய மூன்றே வாரத்துக்குள், ஜனவரி 20ஆம் தேதி, நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நடந்த பதவியேற்பில் பெசோஸும் ஸக்கர்பெர்க்கும் மஸ்க்கும் கூகுள் சுந்தர் பிச்சையும் முன்னால் வரிசையாக நின்ற போட்டோ உலகம் முழுக்க வந்தது. அந்தப் போட்டோவையும் இந்த ரஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் உங்கள் மருமகளிடம். வேறு விளக்கமே வேண்டாம்.


மெய்ப்பு:

நான் பதினேழு வருஷம் தமிழ் வார இதழ்களில் பக்கம் கட்டினவன். ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று எழுதுகிறேன், அவரைக் காப்பாற்றுவதற்காக இல்லை.

கார்ட்டூனிஸ்ட் ரஃப் கொண்டுவருவதும் ஆசிரியர் அதைப் பார்த்து "இது வேண்டாம், வேறு போடு" என்று சொல்வதும் தினமும் நடக்கிற காரியம். எங்கள் ஆபீசில் வரைகிற அண்ணன் வாரத்துக்கு நான்கு ரஃப் போட்டுக்கொண்டு வருவார், பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில், ஒன்று தேறும். மற்ற மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஜோக் புரியவில்லை, உருவம் ஒத்துவரவில்லை, போன வாரம் இதே ஐடியா வந்துவிட்டது, இதெல்லாம் நியாயமான காரணங்கள். போஸ்ட்டின் கருத்துப் பக்க ஆசிரியர் டேவிட் ஷிப்லி சொன்னதும் இந்த மாதிரிதான்: இதே விஷயத்தில் ஒரு கட்டுரை வந்துவிட்டது, இன்னொன்று வரப்போகிறது, அதனால் திரும்பத் திரும்ப வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என்றார்.

டெல்னெய்ஸ் படத்தைப் போஸ்ட் எடுத்தது இது முதல் தடவையும் இல்லை. 2015 டிசம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸை வித்தைக்காரராகவும் அவருடைய இரண்டு சின்னப் பெண்களைக் குரங்காகவும் ஒரு அசையும் படம் போட்டார், தன் தேர்தல் விளம்பரத்தில் பிள்ளைகளை நடிக்க வைத்தவர் என்பதால். அப்போதைய ஆசிரியர் ஃப்ரெட் ஹையட், குழந்தைகளை இதில் இழுக்கக்கூடாது என்று அதை எடுத்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்தத் தடவை ஹையட் செய்தது சரி. அதற்காக டெல்னெய்ஸ் அப்போது வேலையை விடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஷிப்லியின் காரணம் என்னை நம்பவைக்கவில்லை, அது ஏன் என்று சொல்கிறேன். கருத்துப் பக்கத்தில் கார்ட்டூன் எப்போதுமே அந்த வாரம் எல்லோரும் எழுதுகிற விஷயத்தைப் பற்றித்தான் இருக்கும். தலையங்கம் பட்ஜெட் பற்றி, இரண்டு கட்டுரை பட்ஜெட் பற்றி, கார்ட்டூனும் பட்ஜெட் பற்றி. எங்கேயாவது கட்டுரை வந்துவிட்டது என்பதற்காகக் கார்ட்டூனை நிறுத்துவார்களா? இன்னொரு கார்ட்டூன் வந்திருந்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இதழில், பெயர் வேண்டாம், ஒரு தடவை கட்டடம் இடிந்து கூலியாட்கள் செத்ததைப் பற்றி அண்ணன் ஒரு படம் போட்டார். செங்கலுக்கு நடுவில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு மட்டும், மூடி திறந்து கிடக்கும். வசனமே கிடையாது. பக்கம் கட்டி, பிளேட் போகிற நேரத்தில் மேலேயிருந்து போன் வந்தது. அந்தக் கட்டடக் கம்பெனிதான் பின் அட்டை விளம்பரதாரர். எங்களிடம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? "படம் கொஞ்சம் சோகமா இருக்கு, வாசகருக்குப் பிடிக்காது." அன்றைக்கு ராத்திரி அந்த இடத்தில் நான் ஒரு சமையல் குறிப்பை வைத்து ஓட்டினேன், என் கையாலேயே. அந்தத் தூக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. உண்மையான காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஷிப்லி மனசில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை, அவர் உண்மையைத்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பெசோஸ் அந்தப் படத்தில் இல்லாமல் மற்ற நான்கு பேர் மட்டும் இருந்திருந்தால் அது நின்றிருக்குமா என்று நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். டெல்னெய்ஸ் விலகும்போது எழுதியதன் சாரமும் அதுதான்: படத்தைப் பற்றி விவாதம் எத்தனையோ நடந்திருக்கிறது, யாரை நோக்கி என் பேனா திரும்புகிறது என்பதற்காக ஒரு படம் நின்றது இதுதான் முதல் தடவை என்றார்.


வாய்தா:

கரிக்கோல், உங்கள் தங்கை வீட்டுக்காரர் சொன்னது சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அங்கேயிருந்து ஆரம்பித்தால்தான் பதில் கிடைக்கும்.

பேச்சு, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்கிற அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தடுப்பது அரசாங்கத்தை. முதலாளியை அது தொடவே தொடாது. அரசாங்கத்திடமிருந்து கார்ட்டூனுக்கு அங்கே இருக்கிற பாதுகாப்பு ரொம்பப் பெரியது. 1988இல் ஹஸ்ட்லர் பத்திரிகைக்கும் பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல்லுக்கும் நடந்த வழக்கில், அவரை மிகக் கேவலமாகக் கிண்டல் செய்த ஒரு போலி விளம்பரத்துக்காக நஷ்ட ஈடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட், பழமைவாதி என்று பெயரெடுத்தவர். அவர் அந்தத் தீர்ப்பில் 19ஆம் நூற்றாண்டுக் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்களையெல்லாம் சேர்த்துக் கார்ட்டூன் வரலாற்றையே எடுத்துச் சொல்லி, இவை இல்லாமல் நம் அரசியல் பேச்சு எவ்வளவோ வறண்டு போயிருக்கும் என்று எழுதியிருக்கிறார். கார்ட்டூன் என்றாலே நியாயமாகவும் நடுநிலையாகவும் இருக்காது, காயப்படுத்தத்தான் செய்யும் என்பதையும் தெரிந்தேதான் பாதுகாப்புக் கொடுத்தார்கள்.

சரி, இப்படி ஒரு சட்டம் இருக்கும் நாட்டில் ஒரு ஜனாதிபதிக்குக் கார்ட்டூன் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்ய முடியும்? வரைகிறவர் மேல் கைவைக்க முடியாது. ஆனால் பத்திரிகை முதலாளிக்கு இன்னும் பத்துத் தொழில் இருக்கிறதே. பெசோஸ் 2013இல் போஸ்ட்டை 25 கோடி டாலருக்கு வாங்கினார். அமேசானின் கிளவுட் தொழிலுக்கு அரசாங்க ஒப்பந்தம் வேண்டும், ப்ளூ ஆரிஜினுக்கு நாசா வேண்டும். 2019இல் பென்டகனின் ஆயிரம் கோடி டாலர் ஒப்பந்தம் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது, டிரம்ப்புக்குத் தங்கள் மேல் இருந்த வெறுப்பால்தான் அது கைவிட்டுப் போனது என்று அமேசானே கோர்ட்டுக்குப் போனது. ஆக அந்த அடி எங்கே வலிக்கும் என்று முதலாளிக்கு அனுபவத்தில் தெரியும். அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதே இல்லை.

இப்போது நம்மூர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள், அதே 2025, அடுத்த மாதமே. பிப்ரவரி 5ஆம் தேதி 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு போட்டு அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதைக் கேட்காமல் இருந்த பிரதமரை, விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி விகடன் இணையதளமே திறக்கவில்லை. அந்த ஒரு படத்துக்காக முழு இணையதளத்தையும் மத்திய அரசு முடக்கியது. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு இணையதளத்தைத் திறக்கலாம் என்று உத்தரவு போட்டது.

கவனியுங்கள். இங்கே அரசாங்கம் நேராகக் கதவைச் சாத்தியது, பத்திரிகை கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போட்டது. அங்கே அரசாங்கம் கையைக்கூடத் தூக்கவில்லை, பத்திரிகை தானாகவே கதவைச் சாத்திக்கொண்டது. எனக்கு இரண்டாவதுதான் அதிகமாகப் பயம் கொடுக்கிறது, ஏனென்றால் அதில் வழக்குப் போட எதிராளியே கிடையாது.


கரிக்கோல்:

வாய்தா சார், இந்தக் கடைசி வரி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நன்றி. மெய்ப்பு அண்ணா, அந்தத் தூக்கு விஷயத்தை எழுதியதற்கும்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, ஆனால் அந்த அம்மாவுக்கு என்ன நஷ்டம்? அவர் வெளியே வந்த பிறகுதான் படம் உலகம் முழுக்கப் பரவியது, போட்டிருந்தால் ஒரு நாள் வாஷிங்டனோடு போயிருக்கும். அதற்கப்புறம் அமெரிக்காவில் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சரும் கொடுத்தார்களே" என்கிறார். இதற்கும் யாராவது சொல்லுங்கள்.


பொடோமக் கரை:

மாப்பிள்ளையை நேரில் பார்த்தால் கைகொடுப்பேன், நல்ல கேள்வியாகக் கேட்கிறார்.

ஆமாம், 2025 மே மாதம் புலிட்சர் கிடைத்தது. அவருக்கு அது இரண்டாவது, முதலாவது 2001இல். சக்தி வாய்ந்தவர்களைத் துணிந்து வரைந்ததற்கு, அந்தத் துணிவாலேயே பத்திரிகையை விட்டு வெளியேற நேர்ந்ததையும் குறிப்பிட்டே கொடுத்தார்கள். அந்தப் பரிசு போஸ்ட்டின் கணக்கில்தான் ஏறியது என்பது இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல்.

நஷ்டம் அவருக்கு இல்லை, சரி. அறுபதைத் தாண்டியவர், உலகறிந்த பெயர், சப்ஸ்டாக் இணையதளத்தில் எழுதினால் வாசகர்கள் பின்னாலேயே போவார்கள். நஷ்டம் அவர் விட்டுவந்த நாற்காலிக்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். 2018இல் பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெஸட்டில் 25 வருஷம் வரைந்த ராப் ராஜர்ஸை, டிரம்ப் பற்றிய படங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டு, கடைசியில் வேலையிலிருந்தே நீக்கினார்கள். 2019இல் நியூயார்க் டைம்ஸ் தன் சர்வதேசப் பதிப்பில் ஒரு படம் யூத வெறுப்பு என்று சர்ச்சையானதும் (அந்தப் படம் உண்மையிலேயே மோசமான படம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை) தினசரி அரசியல் கார்ட்டூனையே மொத்தமாக நிறுத்தியது. ஒரு கட்டுரை தப்பாக வந்தது என்று கட்டுரையே இனிமேல் வேண்டாம் என்பார்களா? 2023 ஜூலையில் மெக்ளாட்சி பத்திரிகை நிறுவனம் ஜாக் ஓமன், ஜோயல் பெட், கெவின் சையர்ஸ் என்று புலிட்சர் வாங்கிய மூன்று பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. புலிட்சரிலேயே கார்ட்டூனுக்கு என்று தனியாக இருந்த பிரிவை 2022இல் எடுத்துவிட்டு, படம் போட்டு எழுதும் செய்தியோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு ஊர்ப் பத்திரிகையில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, அந்த ஊர் மேயரையும் அந்த மாநில ஆளுநரையும் தினமும் வரைகிற ஆள் இன்றைக்கு அமெரிக்காவில் அபூர்வம். டிரம்ப்பை வரைய இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊர் தண்ணீர் வாரியத்தை யார் வரைவது?

போஸ்ட்டுக்குள் அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஷிப்லி பற்றிப் பேச்சு வந்ததால். 2025 பிப்ரவரி கடைசியில் பெசோஸ், இனிமேல் கருத்துப் பக்கம் தனிமனித உரிமையையும் தடையற்ற சந்தையையும் ஆதரித்துத் தினமும் எழுதும், அதற்கு எதிர்க் கருத்தை மற்றவர்கள் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். ஷிப்லியே விலகிவிட்டார். மார்ச்சில், 40 வருஷம் அங்கே இருந்த பத்தி எழுத்தாளர் ரூத் மார்கஸ் இந்த மாற்றத்தை விமர்சித்து எழுதிய பத்தியை வெளியீட்டாளர் போட மறுத்ததால் அவரும் போனார். ஜனவரியில் ஒரு பென்சில் படம், மூன்று மாதத்தில் பக்கத்தின் முகமே வேறு.

இதே பத்திரிகையில்தான் ஹெர்ப்ளாக் 1946 முதல் ஐம்பத்தைந்து வருஷம் வரைந்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. 'மெக்கார்த்தியிசம்' (ஆதாரமில்லாமல் ஆட்களைத் துரோகி என்று முத்திரை குத்துவது) என்ற சொல்லைப் பரப்பியதே 1950இல் அவர் போட்ட ஒரு கார்ட்டூனில் தார் பீப்பாயின் மேல் எழுதியதுதான். 1952 தேர்தலில் பத்திரிகை ஐசனோவரை ஆதரித்தது, அவர் எதிர்த்து வரைந்தார், கடைசி நாட்களில் முதலாளி அவர் படங்களை நிறுத்தினார். மற்ற ஊர்ப் பத்திரிகைகளில் அதே படங்கள் வந்துகொண்டே இருந்ததால் போஸ்ட்டுக்குத்தான் தலைகுனிவு. அதற்கப்புறம் அவர் படத்தில் கைவைக்காமல் விட்டார்கள். ஆக, முதலாளி தப்புச் செய்வது புதிதில்லை. அப்போது திருத்திக்கொண்டார்கள்.


கோடும் வளைவும்:

எல்லோரும் அரசியல் பேசிவிட்டீர்கள், நான் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நானும் வரைகிறவள்.

டெல்னெய்ஸ் அனிமேஷன் படித்தவர். பத்திரிகைக்கு வரும் முன் டிஸ்னியின் இமேஜினியரிங் பிரிவில் டிசைனராக வேலை பார்த்தவர். அதனால்தான் அவர் கோடு அவ்வளவு சுலபமாக ஓடும், ஒரே இழுப்பில் முதுகு வளைந்து இடுப்பு வரைக்கும் வந்துவிடும். நான் அந்த ரஃப்பை டிரேசிங் தாளில் ஒரு தடவை அப்படியே எடுத்துப் பார்த்தேன், கை பழகுவதற்காக. மண்டியிடுகிற மூன்று பேருக்கும் முகத்தை நோக்கிப் போக வேண்டியதே இல்லை. முதுகு வளைகிற கோணத்திலேயே ஆள் சின்னதாகிவிடுகிறான். அப்புறம் மிக்கி. மற்றவர்கள் மண்டி போடும்போது அது மட்டும் குப்புற விழுந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் தனக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியின் அடையாளத்தையே அவர் அப்படிக் கிடத்தியிருக்கிறார். அதை வரையும்போது கை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். சொந்த வீட்டு ஆளை வரைவதுதான் கஷ்டம். பழைய முதலாளியையும் இப்போதைய முதலாளியையும் ஒரே தாளில் வரைந்திருக்கிறார்.

மாப்பிள்ளை சொன்ன கடை வாசல் போர்டுக்கு என் பதில் இது. கடைக்காரர் விற்பது அரிசி. வேலைக்காரன் திட்டினால் அரிசி கெடாது, கடைக்காரருக்குத்தான் கோபம் வரும். பத்திரிகை விற்பது, "நாங்கள் யாரையும் விடமாட்டோம்" என்கிற நம்பிக்கையை. ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டால் விற்கிற சரக்கே கெட்டுப்போகிறது. தேர்தல் தலையங்கம் நின்றபோதே கெட்ட சரக்கு என்று தெரிந்துதான் அந்த இரண்டரை லட்சம் பேரும் வேறு கடைக்குப் போனார்கள்.


கரிக்கோல்:

அக்கா, அரிசி உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், மாப்பிள்ளை பலசரக்கு மொத்த வியாபாரிதான்! வாசித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மட்டமான அரிசியைக் கலந்தால் முதலில் தெரிவது பழைய வாடிக்கைக்காரனுக்குத்தான்" என்றார். அவர் ஒத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மகளோடு உட்கார்ந்து அவள் பேச்சை ஒரு தடவை கேட்டார், நேரத்தைக் குறித்துக்கொண்டு.

மருமகள் ஜனவரி 20 போட்டோவையும் ரஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, விகடன் விலங்குப் படத்தைப் பற்றியும் சேர்த்துக்கொண்டாள். நான்கு நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள், இப்போது ஆறு நிமிஷம் வருகிறது. ஹெர்ப்ளாக்கை வெட்டலாம் என்று நான் சொன்னேன், அவள் தார் பீப்பாயை விடமாட்டேன் என்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டெல்னெய்ஸ் இப்போது வரைகிறதை எங்கே பார்க்கலாம்?


பொடோமக் கரை:

சப்ஸ்டாக்கில் 'ஓப்பன் விண்டோஸ்' என்ற பெயரில். படத்தோடு சில சமயம் ரஃப்பையும் போடுவார், பிள்ளைக்குக் காட்டுங்கள்.